காஞ்சனபுரிக் கணக்கு

காஞ்சனபுரி என்ற பெயரை வரைபடத்தில் முதன்முதலாகக் காணும் நம்மவர் எவருக்கும், இது பாட்டிமார் சொல்லும் கதைகளில் வரும் ஏதோ ஒரு ராஜகுமாரியின் பட்டணமாக இருக்குமேயன்றி, சயாம் தேசத்தின் மேற்கே பர்மா எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஒரு சாதாரண ஜில்லாத் தலைநகராக எப்படி இருக்க முடியும் என்ற சந்தேகம் எழாமல் இராது. பாங்காக்கில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தோன்புரியிலிருந்து அங்கே ரயில் போகிறது. தோன்புரி என்பதும் ‘தனபுரி’யின் திரிபுதான். ஆகவே தனபுரியில் ஏறிக் காஞ்சனபுரியில் இறங்குகிற அந்தப் பிரயாணத்தில், பெயரளவில் பார்த்தால், செல்வத்துக்குக் குறைவே கிடையாது. மூன்றாம் வகுப்பு வண்டியின் திறந்த ஜன்னல் வழியாக வயல்களையும் கரும்புக் கொல்லைகளையும் பார்த்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கும் பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு போகிற ஒருவனுக்கு, உலகம் ‘மரண ரயில் பாதை’ என்று அழைக்கும் தண்டவாளத்தை நோக்கித்தான் இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது சுலபத்தில் மறந்துபோகும்.

எனக்கு மறக்கவில்லையென்றால், அதற்குக் காரணம் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மலேயாத் தோட்டங்களில் ‘மரண ரயில்’ என்ற அலங்காரமெல்லாம் அக்காலத்தில் இல்லை. ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். அவருடைய பெரியப்பா அப்படிச் சயாமுக்குப் போனவர்.

“அவர் பேர் என்னங்க ஐயா?” என்று கேட்டேன்.

“வீட்டுல கூப்பிட்ட பேரா, செக்ரோல் பேரா தம்பி?” என்றார்.

செக்ரோல் என்பது தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, வைத்திருக்கும் ஆள் பதிவேடு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர்களை அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதில் கிராணியின் காதில் எப்படி விழுந்ததோ, அவர் கைக்கு எப்படி வந்ததோ, அப்படித்தான் பெயர் இருக்கும். தாய் தகப்பன் வைத்த பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தால் அதிருஷ்டம். அந்தக் கேள்வியின் கனத்தை நான் அப்போது சரியாக உணரவில்லை.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சில மாதங்களில் பர்மாவும் அவர்கள் கைக்குப் போயிற்று. பர்மாவில் உள்ள சைன்யத்துக்குச் சாமான்களைக் கப்பலில் அனுப்ப வேண்டுமானால் மலாக்கா ஜலசந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்; அங்கே எதிரியின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. எனவே சயாமிலுள்ள நோங் பிளாடுக்கிலிருந்து மலைகளையும் காடுகளையும் கடந்து பர்மாவிலுள்ள தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் தூரம் ஒரு ரயில் பாதை போடுவதென்று தீர்மானித்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் முன்பே இந்த மார்க்கத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் 1942-ஆம் ஆண்டின் நடுவில் ஆரம்பித்து, இரண்டு முனைகளிலிருந்தும் வேலையை நடத்தி, 1943 அக்டோபர் 17-ந் தேதி கொன்கொய்த்தா என்ற இடத்தில் தண்டவாளங்களை இணைத்தார்கள். யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் வேலை வாங்கப்பட்டு, 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மலேயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலி ஜனங்களில் 80,000-லிருந்து 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். இந்த ‘இருக்கலாம்’ என்பதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

காஞ்சனபுரியில் யுத்த நினைவுக் காட்சிசாலைகள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவற்றுள் முதலில் பார்க்கவேண்டியது, யுத்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 2003-ல் திறக்கப்பட்ட ‘தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம்’. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர், காடு மூடிப்போன பழைய பாதையைப் பல வருஷ காலம் கால்நடையாகவே தேடித் தடங்கண்டு, அந்த உழைப்பின் பயனாக இதை ஸ்தாபித்தார். ஆரவாரமற்ற மாடிக் கட்டிடம். உள்ளே நுழைந்தால் முதலில் நம்மைப் பிடித்து நிறுத்துவது, பாதை சென்ற நில அமைப்பை மலை, பள்ளம், ஆறு சகிதம் செய்து வைத்திருக்கும் மாதிரி. அதைக் குனிந்து பார்த்த பிறகுதான், சமவெளியில் சாதுவாகப் புறப்படுகிற கோடு ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு மலைச் சரிவில் எப்படித் தத்தளித்துத் தத்தளித்து ஏறுகிறது என்பதும், புத்தகத்தில் ‘415 கிலோமீட்டர்’ என்று அலட்சியமாகப் படித்துவிட்டுப் போன விஷயம் எத்தகையது என்பதும் விளங்கின.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பியர் பூல் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1952-ல் எழுதிய நாவலும், அதைக்கொண்டு டேவிட் லீன் எடுத்து 1957-ல் வெளிவந்த சினிமாவும், ‘குவாய் நதிப் பாலம்’ என்ற பெயரை உலகப் பிரசித்தமாக்கிவிட்டன. உண்மையில் அந்தப் பாலம் இருந்தது மே கிளாங் நதியின்மேல். சினிமாவைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் குவாய் நதி எங்கே என்று கேட்டுத் தொல்லை கொடுக்கவே, தாய்லாந்துக்காரர்கள் 1960-ஐ ஒட்டி நதியின் அந்தப் பகுதிக்கு ‘குவே யாய்’ என்று பெயரை மாற்றி வைத்துக் கதைக்குத் தகுந்தபடி பூகோளத்தைத் திருத்திவிட்டார்கள். சினிமாவோ இங்கே எடுக்கப்பட்டதே அல்ல; இலங்கையில் கித்துல்கலைக்குப் பக்கத்தில் களனி கங்கையில் எடுத்தது. தவிரவும், தாய் மொழியில் ‘குவே’ என்றால் கிளை நதி. வெள்ளைக்காரர்கள் உச்சரிக்கும் ‘குவாய்’க்கு எருமை என்று அர்த்தம். எருமை ஆற்றுப் பாலத்தைத் தேடித்தான் வருஷா வருஷம் இத்தனை ஜனங்கள் வருகிறார்கள் என்று நினைத்தபோது, இருந்த இடத்தையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடுத்த கூடத்துக்குள் நின்றுபோயிற்று. சிங்கப்பூரிலிருந்து கைதிகளை ஏற்றிவந்த இரும்புச் சாமான் வண்டிகளைப் பற்றி அங்கே காட்டியிருக்கிறார்கள். அரிசி மூட்டை ஏற்றுகிற மூடுவண்டியில் முப்பது பேர் வீதம், உட்கார இடமிருந்தால் படுக்க இடமில்லாமல், பகலில் இரும்பு அடுப்பாகவும் இரவில் குளிர்ந்த பெட்டியாகவும் மாறும் அந்தக் கூண்டில் நான்கைந்து நாட்கள் பிரயாணம் செய்து சயாமிலுள்ள பான் போங்கில் இறங்கினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக் குடிசை. மூங்கில் தட்டிப் படுக்கைகள். காலில் எலும்பு தெரியப் புண். அந்தப் புண்ணைக் கரண்டியால் சுரண்டித்தான் சுத்தம் செய்திருக்கிறார்கள். காலரா வந்தபோது, சைன்யத்து வைத்தியர்கள் கல்லுப்பைக் கலந்து காய்ச்சி வடித்த நீரை, ஊசி கிடைக்காமையால் மூங்கிலைக் கூராகச் சீவி, ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர்க் குழாயை வெட்டி இணைத்து, நரம்பில் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். மனித புத்தியின் மகத்துவத்துக்கு இதைவிட ஓர் அத்தாட்சி நான் எந்தக் காட்சிசாலையிலும் கண்டதில்லை.

ஆனால் அந்த மூங்கில் ஊசிக்கு எதிரிலேயே ஒரு கேள்வியும் நிற்கிறது. கைதிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் இறந்தார் என்றால், கூலி ஜனங்கள் ஏன் அதைவிடக் கோரமான விகிதத்தில் மடிந்தார்கள்? தின்ற அரிசி ஒன்றுதான், மழை ஒன்றுதான், கொசுவும் ஒன்றுதான். கைதிகளோடு வைத்தியர்கள் வந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, கழிப்புக் குழியை ஆற்றுக்குத் தள்ளித் தோண்டு என்று அதிகாரம் செய்ய அதிகாரிகள் வந்தார்கள். ஒருவன் விழுந்தால் இவன் எந்தப் படைப் பிரிவு என்று கேட்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவனோ தன் லயத்து மனிதர்களையும், சிலபோது பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, எவனென்று தெரியாத கூட்டத்தோடு ஒரு கொட்டகைக்குள் போடப்பட்டு, பக்கத்தில் ஓடிய ஆற்றுத் தண்ணீரையே அள்ளிக் குடித்தான். 1943-ல் மழையோடு காலரா இறங்கியபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். அந்த வருஷத்தின் மத்தியிலும் பிற்பகுதியிலும் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து யுத்தக் கைதி வைத்தியர்களும் உதவியாளர்களுமாக 230 பேர் ஒரு குழுவாகவும், 115 பேர் மற்றொரு குழுவாகவும் கூலி ஜனங்களுக்குச் சிகிச்சை செய்ய அனுப்பப்பட்டார்கள். லட்சக்கணக்கான பேருக்கு அவ்வளவுதான்.

என்னோடு கூடவே வந்திருந்த பெரியவர் இந்தக் கூடத்தில்தான் வெகுநேரம் நின்றார். மலேயாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் 75,000 பேருக்குக் குறையாது, அவர்களில் மிகுதியானோர் தமிழர். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்கள் மூடி, அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே ஆகாரமாகிவிட்ட நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவி, போக எவனும் இசையாதபோது தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கட்டளையிட்டார்கள். இலவசமாக சினிமா காட்டுகிறோம் என்று அழைத்து, உள்ளே வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையைத் தோட்டத்து ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். சயாமுக்குத் தப்பவே சுபாஷ் போஸின் தேசிய ராணுவத்தில் பெயர் கொடுத்த இளைஞர்களும் உண்டு. இவற்றையெல்லாம் மலேசியத் தமிழர்கள் கதைகளாக எழுதியும் வைத்திருக்கிறார்கள், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலைப் பெரியவர் இரண்டு முறை படித்திருக்கிறார். காட்சிசாலையின் இந்தப் பகுதியை நான் குறை சொல்ல மாட்டேன். கிடைத்ததை நேர்மையாக வைத்திருக்கிறார்கள். கிடைத்தது குறைவு.

நுழைவுச் சீட்டோடு ஒரு கோப்பை காப்பியோ தேநீரோ தருகிறார்கள். மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் குடிக்கும்போது கீழே தெரிவது கல்லறைத் தோட்டம். வெட்டிச் சீர்செய்த புல், பூச்செடிகள், ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல். காப்பி குடித்துக்கொண்டு பார்க்கிற காட்சியா இது என்று முதலில் மனம் கூசியது. பிறகு, காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். தாழ்ந்த கல் பீடத்தில் வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப் பிரிவு, தேதி, வயது. கீழே குடும்பத்தார் சொல்லிப் பொறித்த ஒன்றிரண்டு வரி. 22, 24, 23 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் சற்று நேரத்தில் படிக்க முடியாமல் போகிறது. இந்தப் பெயர்கள் இத்தனை துல்லியமாகப் பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. முகாம்களில் கைதி அதிகாரிகள், அகப்பட்டால் என்ன தண்டனை என்று தெரிந்தும், இறந்தவர் ஜாபிதாவை ரகசியமாக எழுதித் தகரக் குப்பியில் அடைத்துக் கல்லறைகளிலேயே புதைத்து வைத்தார்கள். யுத்தம் முடிந்த சில வாரங்களுக்குள், 1945-ல், தொண்டர் குழு ஒன்று அந்த ஜாபிதாக்களோடு பாதை நெடுகச் சென்று, 144 இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அகப்படாதவை 52.

ஐம்பத்திரண்டு! ஒரு பக்கம், பத்தாயிரத்தில் காணாமற்போனது ஐம்பத்திரண்டு என்று ஒற்றை இலக்கம் வரை கணக்குச் சொல்ல முடிகிறது. மறுபக்கம், எண்பதாயிரமாகவும் இருக்கலாம், லட்சமாகவும் இருக்கலாம் என்று இருபதாயிரம் உயிர்கள் ஓர் ‘அல்லது’க்குள் அடங்கிப்போகின்றன. பெயர் உள்ளவனுக்குத் துல்லியமான எண்ணும், பெயர் இல்லாதவனுக்குச் சைபர்களும் கிடைக்கின்றன. அதே தோட்டத்தின் வாயில் மண்டபத்தில், தாய்லாந்தின் வெவ்வேறு முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமாகிப் பேணமுடியாமற்போன பழைய இந்திய சைன்யத்தினர் 11 பேருடைய பெயர்களைத் தனியே பொறித்து வைத்திருக்கிறார்கள். நியாயமான காரியம். சிப்பாய்களானபடியால் அவர்களுக்கும் ரெக்கார்டு இருந்தது.

மறுநாள் காலை எண்பது கிலோமீட்டர் தாண்டி ‘நரகத் தீக் கணவாய்’க்குப் போனோம். கொன்யூ என்னும் இடத்தில் மலைப்பாறையைப் பிளந்து வெட்டிய வாய்க்கால் அது: சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். ஆஸ்திரேலியாவின் முயற்சியில் 1998 முதல் அங்கே ஒரு காட்சிசாலை நடக்கிறது. நிறையப் படிகள் இறங்க வேண்டியிருந்ததால் பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டார். நான் மட்டும், காதில் மாட்டிக்கொள்ளும் கருவியோடு இறங்கினேன். கொஞ்ச தூரம் நடந்ததும் இருபுறமும் பாறைச் சுவர் உயர்ந்து வெயில் மறைந்துவிடுகிறது. சுவரில் நெடுக உளித் தடங்கள். ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். அடிக்கு அடி கம்பியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். குழி ஆழமானதும் வெடி வைப்பார்கள். பிறகு உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து அப்பால் கொட்டவேண்டும். 1943 ஏப்ரலில் ஆரம்பித்துச் சுமார் பன்னிரண்டு வாரங்களில் முடித்தார்கள். இறுதியில் இரவும் பகலும் வேலை நடந்தபோது, மூங்கில் பந்தங்களின் வெளிச்சத்தில் எலும்புக் கூடுகள் போன்ற மனிதர்கள் அசைந்ததைக் கண்டே நரகத் தீ என்று பெயர் வந்தது. அந்த நாட்களில் கைதிகளோடு தமிழர்களும் மலாய்க்காரர்களும் அங்கே விடப்பட்டார்கள். பாறையில் ஓரிடத்தில் துளையிடும் கம்பியின் முனை ஒன்று உடைந்து அப்படியே சிக்கிக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். துரு விரலில் ஒட்டியது. காதுக்குள் ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் தம் நண்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டவரையில் அந்தக் கருவியில் தமிழ்க் குரல் ஒன்றும் வரவில்லை.

ஊருக்குள் ஒரு புத்த விஹாரத்தைச் சேர்ந்தாற்போல, ஆற்றங்கரையில், 1977-ல் அங்கிருந்த மடாதிபதி ஏற்படுத்திய ‘ஜீத்’ காட்சிசாலை இருக்கிறது. கைதிகள் இருந்த மாதிரியே மூங்கிலும் கீற்றுமாகக் கட்டிய நீண்ட குடிசை. உள்ளே படங்களும் பழைய சாமான்களும். அழகுபடுத்தாமல் விட்டதனாலேயே என் மனத்தில் அது அதிகமாகப் பதிந்தது. ‘ஜீத்’ என்ற பெயர், ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா அல்லது ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய தேசங்களின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்தது. அதைக் கேட்டதும் பெரியவர், வாத்தியார் பழக்கத்தில், விரல் விட்டு எண்ணினார்.

“மலேயாவுக்கும் எழுத்து இல்ல, பர்மாவுக்கும் இல்ல. ஜாவாக்காரனுக்கும் இல்ல” என்றார். “சரி, நாம ஒரு தேசமா இருந்தாத்தானே எழுத்து கொடுப்பாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலைப் படிக்கிற குரலில் சொன்னார்.

கடைசி நாள் பாலத்துக்குப் போனோம். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வளைந்த இரும்புச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. குண்டு வீச்சில் தகர்ந்த இடத்தில் யுத்தத்துக்குப் பின் கோண வடிவமான இரண்டு சட்டங்களை மாற்றிப் போட்டிருப்பது தனியாகத் தெரிகிறது. ஜனங்கள் தண்டவாளத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள், ரயில் வந்தால் ஓரத்து மேடையில் ஒதுங்கிக்கொள்கிறார்கள், மறுபடியும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. எழுபது எண்பது வருஷத்தில் எந்த மயானமும் சந்தையாகிவிடும். இந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி இஞ்சின் இன்று தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் காட்சிசாலையில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இஞ்சினுக்கு எண் உண்டு: சி-56 வகையில் 31.

பாலத்திலிருந்து சற்று தூரத்தில், மரங்களுக்கு நடுவே, அவ்வளவாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஸ்தூபி நிற்கிறது. பாதை போட்ட ஜப்பானிய ராணுவமே, வேலையில் இறந்தவர்களுக்காக 1944-ல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, எழுப்பிய ஞாபகச் சின்னம். சுற்றிலும் பல பாஷைகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். இறந்தவர்களை முதலில் அவரவர் பாஷையில் விளித்தவர்கள், அவர்களைச் சாகும்வரை வேலை வாங்கியவர்களே என்பதை என்னவென்று சொல்வது? வஞ்சப் புகழ்ச்சியா, பிராயச்சித்தமா, ஆவிகளுக்குப் பயந்து செய்த பரிகாரமா? நான் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கையில், பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டி, வகுப்பில் வாசிப்பதுபோல மெல்ல வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“தம்பி, ஜப்பான்காரனுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா. யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்.”

“அதத்தான் கேக்குறேன். முகாமுல இருந்த நம்ம ஆள் ஒருத்தன்தான் எழுதியிருக்கணும். ஒரு கிராணியோ, ஒரு வாத்தியாரோ. உக்காந்து, காகிதத்துல எழுதிக் கொடுத்திருக்கான்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவன் திரும்பிப் போனானா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பலகையில் இருந்ததை எழுத்து விடாமல் பிரதி செய்ய ஆரம்பித்தார். தோன்புரி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு முறை சொன்னேன்.

“இரு தம்பி, இன்னும் ரெண்டு வரி” என்றார்.